பால் பல்லின் சாட்சியம்

குழந்தைக்குப் பல் எப்போது வருகிறது? எந்த வீட்டில் கேட்டாலும் "ஆறு மாசம், ஏழு மாசம்" என்பார்கள். ஜொள்ளு வடியும். கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். ஒருநாள் பால் கொடுக்கும்போது அம்மாவுக்குச் சுருக்கென்று தெரியும். ஆனால் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது பல்லின் கதையில் ரொம்பப் பிந்தைய அத்தியாயம். முன்பல்லின் நுனியில் முதல் தாதுப் படிகங்கள் உட்காருவது கருவின் 14ஆவது வாரம் வாக்கில். குழந்தை உதைப்பதை அம்மா உணர்வதற்கும் முன்பே. பெயர் வைக்கவில்லை, ஆணா பெண்ணா தெரியாது, அதற்குள் எழுத்து வேலை தொடங்கிவிடுகிறது.

எழுத்து என்று சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. சர்வர் லாக் படித்துச் சம்பளம் வாங்குபவன் நான். லாக் என்பது ஒரு நிரல் ஓடும்போது தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டே போகும் குறிப்பு. நல்ல லாகுக்கு ஒரே ஒரு விதிதான்: கடைசியில் சேர்க்கலாம், பழையதைத் திருத்தக் கூடாது. உடம்பில் இந்த விதியை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் பொருள் எனாமலைத் தவிர வேறு அதிகம் இல்லை. அந்த லாகை மனிதர்கள் எப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள், படித்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொத்தனார்கள்

முதலில் வேலை நடக்கும் விதம். கரு உண்டாகி ஆறாவது வாரத்தில் வாயின் உள்தோல் லாட வடிவத்தில் கொஞ்சம் தடிக்கிறது. அந்தத் தடிப்பிலிருந்து மேலே 10, கீழே 10 என மொட்டுகள் கிளம்புகின்றன. மொட்டு தொப்பியாகிறது, தொப்பி மணியாகிறது. பாடப்புத்தகத்திலேயே இந்தப் பெயர்கள்தான். மணிக்குள் இரண்டு செல் வரிசைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. உள்வரிசையின் பெயர் ஓடோன்டோபிளாஸ்ட், அது டென்டினை உண்டாக்கும். வெளிவரிசை அமிலோபிளாஸ்ட், அது எனாமலை உண்டாக்கும்.

டென்டின்தான் முதலில் ஆரம்பிக்கிறது. ஒரு மெல்லிய படலம் விழுந்து அதில் தாது ஏறியதும், எதிர்வரிசை எனாமலைப் போடத் தொடங்குகிறது. ஒரே சுவரின் இரு பக்கமும் நின்று பூசும் இரண்டு கொத்தனார்களைப் போல, பூசப் பூச இருவரும் பின்னால் நகர்கிறார்கள். நடுவில் பல் தடிக்கிறது. பல்லின் முனையில் ஆரம்பித்து வேரை நோக்கி வேலை இறங்குகிறது. முதலில் நடு முன்பல், பிறகு மற்றவை என்று ஏறக்குறைய 19ஆவது வாரத்துக்குள் 20 பால் பற்களிலும் வேலை தொடங்கிவிடும். குழந்தை பிறக்கும் சமயத்தில், ஆறு வயதில் முளைக்கப்போகும் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் நுனியிலும் தாது படிய ஆரம்பிக்கிறது.

புதிதாகப் போட்ட எனாமல் கல் மாதிரி இருக்காது. புரதமும் தண்ணீரும் நிறைந்த மெத்தென்ற சரக்கு அது. அதற்குள் கால்சியமும் பாஸ்பேட்டும் மெல்லிய நாடாக்கள் போன்ற படிகங்களாக நீளுகின்றன. அதற்குப் பிறகு அமிலோபிளாஸ்ட் செல்கள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. புரதத்தை உடைத்து வெளியே எடுத்து, காலியான இடத்தில் தாதுவை நிரப்புகின்றன. கடைசியில் எடையில் 96 சதவீதம் தாது. மனித உடலிலேயே கடினமான பொருள். பல் வாய்க்குள் வரும்போது அந்தச் செல்கள் அழிந்துபோகின்றன. கட்டிடம் நிற்கும், கொத்தனார் இருக்க மாட்டார். அதனால்தான் எலும்பு உடைந்தால் சேரும், எனாமல் உடைந்தால் சேராது. எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அதாவது தன் பழைய லாகைத் தானே அழித்துவிடுகிறது. எனாமல் அப்படிச் செய்வதில்லை.

வேகம் நாளுக்குச் சுமார் 4 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெல்லியதாக வெட்டிய பல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு நாளின் வேலையும் ஒரு மங்கலான குறுக்குக் கோடாகத் தெரியும். ஒரு வாரத்துக்குச் சற்று முன்பின்னாக இன்னொரு அழுத்தமான கோடு வரும். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி. 1830களில் அதை விவரித்த ஸ்வீடன் உடற்கூறியலாளர் ஆன்டர்ஸ் ரெட்ஸியஸின் பெயரால்தான் அந்தக் கோடுகள் இன்றும் அழைக்கப்படுகின்றன.

ஆலைக் குழந்தைகள்

ரெட்ஸியஸ் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் பல் வேறொரு காரணத்துக்காகப் பேச்சுக்கு வந்தது. 1833இன் ஆலைச் சட்டம் 9 வயதுக்குக் குறைந்தவர்களை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது (பட்டாலைகளுக்கு விலக்கு). 9 முதல் 13 வரை வாரத்துக்கு 48 மணி நேரம். 13 ஆகிவிட்டால் நாளுக்கு 12 மணி நேரம் வரை வாங்கலாம். ஆக, ஒரு குழந்தையின் வயது என்பது தினம் மூன்று மணி நேர உழைப்பின் விலை.

சரி, வயதை யார் சொல்வது? அங்கே அரசின் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலையில்தான். முதலாளிக்குக் கூடுதல் மணி நேரம் வேண்டும், வீட்டுக்குக் கூடுதல் கூலி வேண்டும், இரண்டு பக்கமும் வயதைக் கூட்டிச் சொல்லக் காரணம் இருந்தது. டாக்டர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் பார்த்தது உயரத்தையும் உடற்கட்டையும். கொஞ்சம் வளர்த்தியான 11 வயதுப் பையன் 13 என்று தாண்டிவிடலாம்.

1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற இளம் பல் மருத்துவர் நாடாளுமன்றத்துக்கு ஒரு சிறு நூலை எழுதி வைத்தார். வயதுக்குப் பல்லே அளவுகோல் என்பது அதன் வாதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாய்களைப் பார்த்திருந்தார். 13 வயதான 338 பேரில் 294 பேரைப் பல்லை மட்டும் வைத்தே 13 என்று துணிந்து சொல்லியிருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. உயரம் சாப்பாட்டைப் பொறுத்துக் கூடும், குறையும். பல்லின் கால அட்டவணை பசிக்கு அவ்வளவு சீக்கிரம் வளைந்துகொடுக்காது. அவர் பார்த்தது பல் முளைப்பதை மட்டும்தான். ஈறுக்குள் நடக்கும் தாதுப் படிவை உயிருள்ள குழந்தையிடம் பார்க்க எக்ஸ்ரே வர வேண்டியிருந்தது. முளைப்பதைவிடத் தாதுப் படிவின் கட்டங்களே வயதுக்கு நம்பகமானவை என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவானது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து ஆலைக் குழந்தையின் வார்த்தைக்கு மதிப்பில்லை. அப்பாவின் வார்த்தையிலும் முதலாளியின் வார்த்தையிலும் சொந்த ஆதாயம் கலந்திருந்தது. வேறு யாரும் கலப்படம் செய்ய முடியாத ஒரே சாட்சி அந்தக் குழந்தையின் வாய்க்குள்ளேயே இருந்தது.

ஆனால் சாட்சி எப்போதும் குழந்தையின் பக்கமே நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. அதே கேள்வி இன்று அகதிகளிடம் கேட்கப்படுகிறது. 18 வயதுக்குக் குறைந்தவன் என்று சொல்லி அடைக்கலம் கேட்கும் பையனின் ஞானப்பல்லை எக்ஸ்ரே எடுத்து, கூடவே முழங்காலையும் ஸ்கேன் செய்து வயது கணிக்கும் முறையை ஸ்வீடன் 2017இல் கொண்டுவந்தது. பெரிய சர்ச்சையும் ஆனது. ஏனென்றால் பற்களிலேயே ஆளுக்கு ஆள் அதிகம் மாறுபடுவது ஞானப்பல்தான். அதன் வேர் முடிவது ஒருவருக்கு 18இல், இன்னொருவருக்கு 20க்கு மேல். பால் பல் வாரக் கணக்கில் பேசும். ஞானப்பல் ஆண்டுக் கணக்கில் முணுமுணுக்கும். முணுமுணுப்பைத் தீர்ப்பாக எழுதினால் லாகின் மேல் தப்பில்லை, படித்தவர் மேல்தான் தப்பு.

பழுப்புக் கறை

1901இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற புதிய பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொழில் தொடங்கினார். ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் சாக்லேட் நிறத்தில் கறை. தேய்த்தால் போகாது. ஊர்க்காரர்களிடம் விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. பன்றிக்கறி அதிகம் சாப்பிடுகிறார்கள், பால் சரியில்லை, தண்ணீரில் கால்சியம் அதிகம். மெக்கே விடவில்லை. அந்தக் காலத்தில் பல் மருத்துவத்தின் பெரிய பெயரான ஜி.வி. பிளாக்கை 1909இல் ஊருக்கே வரவழைத்தார். உள்ளூரில் பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்கு அந்த அடையாளம் இருந்தது.

இருவரும் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் ஒன்றுதான். நிரந்தரப் பற்களில் தாது ஏறி முடிந்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் கறை வரவே இல்லை. அதே தண்ணீரை எத்தனை வருஷம் குடித்தாலும் வரவில்லை. அப்படியென்றால் கறை வெளியிலிருந்து ஒட்டியது இல்லை, பல் உருவாகும்போதே உள்ளே எழுதப்பட்டது. ஒரு பிழை எப்போது நுழைந்தது என்று தெரிந்துவிட்டால் எங்கிருந்து நுழைந்தது என்பதைப் பிடிப்பது பாதி வேலை என்று எங்கள் தொழிலில் சொல்வோம்.

மீதிப் பாதிக்கு இன்னும் இருபது வருஷம் பிடித்தது. 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற ஊரில், தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து புதுக் குழாய் போட்ட பிறகே பிள்ளைகளின் பல்லில் கறை வருகிறது என்று பெற்றோர்கள் சொன்னார்கள். மெக்கே அந்தக் குழாயைக் கைவிடச் சொன்னார். சில ஆண்டுகளில் அடுத்து வந்த பற்கள் வெள்ளையாக வந்தன. தண்ணீரில் என்ன இருந்தது என்பது 1931இல் தெரிந்தது. அதைச் சொன்னவர் அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் வேதியியலாளர் ஹெச்.வி. சர்ச்சில். அந்த நிறுவனத்தின் சுரங்க ஊரான பாக்ஸைட்டிலும் இதே கறை. அலுமினியப் பாத்திரம் கெடுதல் என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததால் நிறுவனத்துக்கு அதைத் தீர்க்க வேண்டிய அவசரம். சோதனையில் வந்தது ஃபுளோரைடு. அவ்வளவு ஃபுளோரைடா என்று நம்ப முடியாமல் மறுபடி மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் ஃபுளோரைடுதான்.

காரணத்தை இன்று கொத்தனார் கதையிலேயே சொல்லிவிடலாம். தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்கு மீறினால், எனாமலிலிருந்து புரதத்தை வெளியே எடுக்கும் வேலை தாமதமாகிறது. புரதம் இருந்த இடத்தில் தாது முழுதாக நிரம்புவதில்லை. பல் சுண்ணக்கட்டி மாதிரி வெளுத்து, நுண்ணிய ஓட்டைகளோடு வருகிறது. முளைத்த பிறகு அந்த ஓட்டைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகிறது. முன்பற்களுக்கு ஆபத்தான காலம் முக்கியமாகப் பிறந்து முதல் மூன்று ஆண்டுகள். கறை கண்ணுக்குத் தெரிவது ஏழு வயதில். குற்றத்துக்கும் தடயத்துக்கும் நடுவே ஐந்தாறு வருஷ இடைவெளி. அதனால்தான் தடயத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தில் நின்ற ஆளையே, அதாவது பல்லுக்குச் சொந்தக்காரரையே சந்தேகப்பட்டார்கள்.

பிறந்தநாள் கோடு

1930களில் இன்னொரு பக்கம் திறந்தது. பால் பற்களை வெட்டிப் பார்த்தபோது, எல்லாக் கோடுகளிலும் அழுத்தமாக ஒரு கோடு தெரிந்தது. 1933இல் பிரிட்டனின் ரஷ்டன் அதை விவரித்தார். 1936இல் சிகாகோவில் இருந்த ஐசக் ஷூர் அதற்குப் பிறப்புக் கோடு என்று பெயரிட்டார். ஒன்பது மாதம் தொப்புள்கொடி வழியே சீராக வந்த சத்து ஒரே நாளில் நின்றுபோகிறது. ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்குகிறது. எனாமல் போடும் செல்கள் ஒரு கணம் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றம்தான் கோடு. கோட்டுக்கு உள்ளே இருப்பது கருவறையில் எழுதியது, வெளியே இருப்பது உலகத்துக்கு வந்தபின் எழுதியது. அந்தக் கோடு இருந்தால் குழந்தை உயிரோடு பிறந்து சில நாட்களாவது வாழ்ந்திருக்கிறது என்று பொருள். தடயவியலில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

நம் எல்லோரின் பால் பற்களிலும் அந்தக் கோடு இருந்தது. நாம்தான் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்துவிட்டோம்.

தேவதைக்குப் போகாத பற்கள்

அமெரிக்கக் குழந்தைகள் விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். தேவதை வந்து எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். 1959 முதல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் தேவதைக்கு வேலை குறைந்தது. பற்கள் தபாலில் போயின.

பின்னணி இதுதான். 1951இல் நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைகள் தொடங்கின. வானத்தில் வெடித்த குண்டுகளின் துகள் காற்றோடு நூற்றுக்கணக்கான மைல் போய் மழையில் இறங்கியது. அதில் ஒன்று ஸ்ட்ரான்ஷியம்-90. பாதி அழியவே சுமார் 29 ஆண்டுகள். தனிம வரிசை அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பது ஸ்ட்ரான்ஷியம். உடம்புக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மழையிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு. பாலைக் குடித்த கர்ப்பிணியிடமிருந்து, பாலைக் குடித்த குழந்தையிடமிருந்து எலும்புக்கும் பல்லுக்கும். ஆபத்து மிகக் குறைவு என்றே அமெரிக்க அணுசக்தி ஆணையம் சொல்லிவந்தது.

1958 ஆகஸ்டில் உயிர்வேதியியலாளர் ஹெர்மன் கால்க்கார் நேச்சர் இதழில் ஒரு யோசனையை எழுதினார். பால் பற்களைச் சேர்த்துக் கதிரியக்கக் கணக்கெடுப்பு நடத்தலாமே என்று. உயிரோடிருக்கும் குழந்தையின் எலும்பைக் கேட்க முடியாது. பல்லை அதுவாகவே தந்துவிடும். ஏழு வயதில் விழும் முன்பல்லின் மகுடத்தில் இருப்பது, அது கருவில் இருந்த மாதங்களிலும் பிறந்த முதல் மாதங்களிலும் எழுதிய பதிவு. 1958இல் விழுந்த பல் 1951ஐப் பற்றிப் பேசும். சோதனைக்கு முந்தைய உலகத்தை அளந்து வைக்க யாரும் நினைக்காமல் போனாலும், பற்கள் அளந்து வைத்திருந்தன.

செயின்ட் லூயிஸில் விஞ்ஞானிகளும் குடும்பத் தலைவிகளும் சேர்ந்து நடத்திய அணுசக்தித் தகவலுக்கான குடிமக்கள் குழு அந்த யோசனையை எடுத்துக்கொண்டது. உயிரியலாளர் பாரி காமனர் அதில் இருந்தார். பல் கணக்கெடுப்பை நடத்தியவர் டாக்டர் லூயிஸ் ரைஸ். பள்ளிகள், நூலகங்கள், பல் மருத்துவமனைகள் வழியே படிவம் போனது. எப்போது பிறந்தது, கர்ப்பத்தின்போது அம்மா எங்கே குடியிருந்தார், தாய்ப்பாலா புட்டிப்பாலா என்று அதில் கேட்டிருந்தார்கள். பல் தந்த குழந்தைக்கு ஒரு பட்டன் பேட்ஜ் கிடைக்கும். அதில் ஓட்டைப் பல்லோடு சிரிக்கும் ஒரு பையன். 1970க்குள் சேர்ந்த பற்கள் சுமார் 3,20,000.

1961 நவம்பரில் ரைஸின் கட்டுரை சயின்ஸ் இதழில் வந்தது. 1950களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளின் பற்களில், பிறந்த ஆண்டு ஏற ஏற ஸ்ட்ரான்ஷியம்-90 அளவும் ஏறியிருந்தது. இந்தப் பற்கள் நோயை நிரூபிக்கவில்லை. "உங்கள் குண்டு எங்கள் வீட்டுக் குழந்தைக்குள் வந்துவிட்டது" என்பதை மட்டுமே நிரூபித்தன. அதுவே போதுமானதாக இருந்தது. தூரத்துப் பாலைவனத்தில் நடக்கும் ராணுவ விஷயம் என்று இனி யாரும் தள்ளிவைக்க முடியாது. 1963 ஆகஸ்ட் 5இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட ஒப்பந்தம், வானத்திலும் கடலிலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனையைத் தடை செய்தது. கியூபா நெருக்கடியின் பயம் முதல் ராஜதந்திரக் கணக்குகள் வரை அதற்குப் பல காரணங்கள். பால் பற்களும் அந்தப் பட்டியலில் உண்டு. குண்டுகள் பூமிக்கு அடியில் போயின. பின்னால் பிறந்த குழந்தைகளின் பற்களில் அளவு இறங்கத் தொடங்கியது.

2001இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கில் சுமார் 85,000 பற்கள் பெட்டி பெட்டியாக அகப்பட்டன. அந்தந்தக் குழந்தையின் அட்டையோடு. வெடிமருந்து வைத்த இடத்தில் பால் பல். இதற்குமேல் நான் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

நம் பக்கத்துத் தண்ணீர்

சர்ச்சில் ஃபுளோரைடைக் கண்டுபிடித்து ஆறு ஆண்டுகளில், 1937இல், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் ஹெச்.ஈ. ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரோசிஸ் பரவியிருப்பதை எழுதினார்கள். பல்லில் கறை மட்டுமா, முதுகெலும்பே இறுகிப்போய்க் குனிய முடியாத மனிதர்கள். உலகத்தில் இதுபற்றி வந்த ஆரம்பகால முக்கிய ஆவணங்களில் அதுவும் ஒன்று. காரணம் அங்கேயும் கிணற்றுத் தண்ணீர்தான்.

தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடிப் பாறையிலும் ஃபுளோரைடு உண்டு. மழை பொய்த்துப் போர்வெல் ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. காவிரித் தண்ணீரை அங்கே கொண்டுசேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. நெல்லூர் கட்டுரைக்கும் இதற்கும் நடுவே 76 ஆண்டுகள். அந்த இடைவெளியில் இந்த வறண்ட ஊர்களில் பிறந்தவர்கள் இன்றும் நம்மோடு வேலை பார்க்கிறார்கள், போட்டோவில் வாயை மூடிச் சிரிக்கிறார்கள்.

சட்டத்துக்கு முன் ஆலைக் குழந்தை, பன்றிக்கறி தின்றதாகப் பேச்சு வாங்கிய கொலராடோ குழந்தை, வகுப்பில் "பல்லே தேய்க்க மாட்டியா" என்று கேட்கப்படும் பிள்ளை. மூன்று பேரிடமும் பெரியவர்கள் கேட்டது தப்பான கேள்வி. அவர்கள் பற்களில் இருப்பது அவர்கள் பிரஷ் பிடிக்கும் முன்பு எழுதப்பட்டது. ஒரு அரசு எங்கே குண்டு வெடித்தது, ஒரு ஊருக்கு எந்தக் குழாய் வந்தது, எது வரவில்லை என்ற விவரம் அது.

அடுத்த முறை யார் பல்லிலாவது அந்தப் பழுப்புப் பட்டையைப் பார்த்தால் பற்பசையைப் பற்றிப் பேச வேண்டாம். சின்ன வயசுல ஊர்ல என்ன தண்ணி குடிச்சீங்க என்று கேளுங்கள். போர்வெல்லா, கிணறா, எத்தனை அடி, இப்போதாவது குழாய் வந்துவிட்டதா. அநேகமாக அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.